ஈரச் சுவரும் இரண்டாம் வருகையும்: ஒரு வீட்டு விற்பனையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கே பதிவாகும் வீடு 22 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்டது; தரைத்தளமும் மேல்தளமுமாக மூன்று படுக்கையறைகள் கொண்ட தனிவீடு. கட்டிய நாள் முதல் ஒரே தம்பதியர்தான் அதில் குடியிருந்தார்கள். பணி ஓய்வுக்குப் பிறகு மகள் வசிக்கும் ஊருக்கே போய்விடுவது என்று முடிவு செய்து, விற்றுத் தரும் பொறுப்பை வீட்டுத் தரகரான என்னிடம் ஒப்படைத்தார்கள். ஆறு வாரங்களில் நான்கு குடும்பங்கள் வந்து பார்த்தன. அவற்றுள் ஓர் இளம் தம்பதியர் மட்டும், "இன்னொரு முறை வந்து பார்க்கலாமா?" என்று கேட்டார்கள். அந்த இரண்டாம் வருகை, ஏறக்குறைய முடிந்துவிட்ட விற்பனையைக் கெடுத்தது. சுமார் மூன்று மாதங்களுக்குப் பின் வேறொரு குடும்பம் மேற்கொண்ட இரண்டாம் வருகை அதே வீட்டை விற்றுக் கொடுத்தது. இவ்விரண்டுக்கும் நடுவில் எடுத்த முடிவுகளையும், என் பக்கத்துத் தவறுகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீடு பார்க்க முதன்முறை வருபவர்கள் வெளிச்சம், அறைகளின் அளவு, தங்களுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்ற அளவில் இருபது நிமிடங்களில் திரும்பிவிடுகிறார்கள். பிடித்துப்போனவர்கள்தான் மறுபடி வருகிறார்கள். ஆகவே அவர்களுக்கு வீட்டின் அழகை மீண்டும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வாங்கினால் பின்னால் வருந்த நேருமோ என்ற ஐயத்தோடும், அந்த வீட்டின் மேல் இன்னும் ஆசை வைக்காத ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டும், அளவு நாடாவைப் பையில் வைத்துக்கொண்டும், பெரும்பாலும் வேறொரு பொழுதில் வருகிறார்கள். இது என் தொழிலில் யாரும் அறிந்த செய்தி. அறிந்திருந்தும் முதல் தடவை நான் அதன்படி நடக்கவில்லை.

முதல் குடும்பம்: கண்டதும் கேட்டதும்

இளம் தம்பதியர் முதலில் வந்தது ஒரு முற்பகலில். தரைத்தளத்தின் பின்பக்கப் படுக்கையறையில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் சற்று மேல் வரை சுவரில் மங்கலான மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. "அம்மா, இது ஓதமா?" என்று அந்தப் பெண் கேட்டார். வீட்டுக்கார அம்மையார் வாய் திறப்பதற்குள் அவருடைய கணவர், "அதெல்லாம் ஒன்றுமில்லை, பழைய கறை" என்று சொல்லிவிட்டார். காலையில் தெருவில் வண்டிச் சத்தம் எப்படியிருக்கும், அலமாரிகளை விட்டுப் போவீர்களா என்றும் அவர்கள் கேட்டார்கள். இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைக்கவில்லை. நான் அருகில்தான் நின்றேன்; எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

மறுவருகைக்கு நான்கு நாள் அவகாசம் இருந்தது. அதற்குள் வீட்டுக்காரர் அந்த ஒரு சுவருக்கு மட்டும் வண்ணம் அடித்து, கறை இருந்த இடத்தை மறைத்து ஒரு பெரிய இரும்பு அலமாரியை நிறுத்தினார். திரைச்சீலைகளையும் மாற்றினார், வரவேற்பறை நாற்காலிகள் இடம் மாறின. வண்ணம் அடிக்கப் போவதாகத் தொலைபேசியில் என்னிடம் சொன்னபோது நான் "சரி" என்றேன். இந்த நிகழ்வில் நான் செய்த முதல் தவறு அந்த ஒரு சொல்.

முதல் மறுவருகை

இம்முறை கணவரின் தந்தையும் உடன் வந்தார். அவர் கட்டட மேற்பார்வைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். பின்பக்க அறைக்குள் நுழைந்ததும் புது வண்ண வாடையை உணர்ந்து, அறையின் மற்ற மூன்று சுவர்களையும் பார்த்துவிட்டு, நான்காவது சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்தார். மற்றவற்றைவிட அந்தச் சுவர் சில்லென்று இருந்தது. "இந்த அலமாரி போன வாரம் இங்கே இல்லையே" என்றார் மருமகள். அலமாரியை நகர்த்த முடியுமா என்று பெரியவர் கேட்டார். நகர்த்தியபோது, நான்கு நாளுக்கு முன் அடித்த வண்ணம் கீழ்ப்பகுதியில் அதற்குள் கொப்பளித்திருந்தது.

அதற்கு மேல் அவர்கள் மாடிக்குப் போனதும் சமையலறையைப் பார்த்ததும் மரியாதைக்காகத்தான். மறுநாள் விலகிக்கொண்டார்கள். கணவர் என்னிடம் சொன்ன காரணத்தை அப்படியே எழுதுகிறேன்: "ஓதம் எல்லா வீட்டிலும் இருக்கும். ஆனால் இதை மறைத்தவர்கள் வேறு எதை மறைத்திருப்பார்களோ என்று அப்பா கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை."

அன்று மாலை வீட்டுக்காரர் என்மேல் கோபப்பட்டார். வந்த பெரியவர் விலையைக் குறைக்கவே குறை தேடினார் என்பது அவர் வாதம். அவருடைய மனைவிதான், "நான் அவர் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்" என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்தார்.

காரணத்தைத் தேடியது

வீட்டைக் காட்டுவதை நான்கு வாரம் நிறுத்தி வைத்தோம். கறைக்குக் காரணம் தெரியாமல் அடுத்த குடும்பத்தை வரவேற்பதில் பொருளில்லை என்று நான் வற்புறுத்தினேன்.

சுவரின் அடியில் ஈரம் தெரிந்தால் பொதுவாக மூன்று வாய்ப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிலத்து ஈரம் அடித்தளத்திலிருந்து மேலேறியிருக்கலாம். அழுத்தத்தோடு நீர் ஓடும் குழாய் சுவருக்குள் கசியலாம். அடுத்த பக்கத்தில் புழங்கும் நீர் இறங்கலாம். நிலத்து ஈரமாக இருந்தால் சுவரின் நீளம் நெடுகவும், பெரும்பாலும் மற்றச் சுவர்களிலும், ஒரே மட்டத்தில் தெரியும். இங்கோ 130 சென்டிமீட்டர் அகலத் திட்டு ஒன்றுதான் இருந்தது. உயரம் 60 சென்டிமீட்டர். குழாய்க் கசிவைச் சோதிக்க, இரவு எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு நீர்மானியின் எண்ணைக் குறித்து வைத்தோம். காலையில் அந்த எண் மாறவில்லை. எஞ்சியது சுவருக்கு மறுபக்கம் இருந்த குளியலறை.

பிளம்பர் குளியலறையின் வடிகால் வாயை அடைத்து, தரையில் மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் தேக்கி, மட்டத்தைச் சுவரில் கோடிட்டு, 24 மணி நேரம் விட்டார். ஆவியாகும் நீரைக் கணக்கில் எடுத்துக்கொள்ள, அதே அறையில் அகலமான கிண்ணம் ஒன்றிலும் நீர் வைத்தார். கிண்ணத்தில் மட்டம் அசையவே இல்லை என்று சொல்லலாம். தரையில் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. இரண்டு நாளில் படுக்கையறைக் கறை கருத்துவிட்டது. தரையும் சுவரும் சேரும் மூலையிலும் வடிகால் வாயைச் சுற்றியும் நீர்க்காப்புப் பூச்சு விட்டுப்போயிருந்தது.

உப்புப் பூத்ததற்கும் வண்ணம் கொப்பளித்ததற்கும் காரணம் ஒன்றே. செங்கல்லிலும் சாந்திலும் உள்ள உப்பை நீர் கரைத்துக்கொண்டு வெளிமுகத்துக்கு வருகிறது; நீர் ஆவியாகிவிட, உப்பு படிகமாக அங்கே தங்கி, மேலே உள்ள பட்டிப் பூச்சையும் வண்ணத்தையும் தள்ளுகிறது. நீர் வரும் வழியை அடைக்காதவரை எத்தனை முறை வண்ணம் பூசினாலும் சுவர் அதை உதிர்த்துவிடும்.

எடுத்த முடிவுகள்

குளியலறையில் கீழ் இரண்டு வரிசை டைல்களையும் வடிகாலைச் சுற்றிய தரையையும் பெயர்த்து, நீர்க்காப்புப் பூச்சு புதிதாக இட்டு, டைல் பதித்து, மீண்டும் 24 மணி நேரம் நீர் தேக்கிப் பார்த்தோம். மட்டம் இறங்கவில்லை. வேலை எட்டு நாளில் முடிந்தது. ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து, ரசீதுகளோடு பிளம்பரின் எழுத்துக் குறிப்பையும் வாங்கி வைத்தோம்.

படுக்கையறைச் சுவரை என்ன செய்வது என்பதில்தான் வாக்குவாதம் வந்தது. பூச்சைக் கொத்தி எடுத்து ஒரு மீட்டர் உயரத்துக்குச் செங்கல்லைத் திறந்தாகிவிட்டது. உடனே பூசி வண்ணம் அடித்துவிட வேண்டும் என்றார் வீட்டுக்காரர். ஊறிய சுவர் உலர்வதற்குக் கட்டடத் தொழிலில் வழங்கும் தோராயக் கணக்கு, ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம். அவசரப்பட்டுப் பூசினால் உள்ளே நிற்கும் ஈரம் புதுப் பூச்சிலும் உப்பைக் கொண்டுவந்து சேர்க்கும். பார்க்க வருபவர்களுக்கோ மறுபடியும் அதே புது வண்ண வாடைதான் வரவேற்பு. ஆகவே சுவரைத் திறந்தபடியே விட்டுவைப்பது என்று முடிவாயிற்று.

அம்மையார் அதோடு ஒன்றைச் சேர்த்தார். ஈரத்தின் விளிம்பைச் சாக்பீஸால் வரைந்து அன்றைய தேதியை எழுதினார். வாரம் ஒருமுறை புதிய விளிம்பை வரைந்தார். ஏழு வாரத்தில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோடுகள் சுருங்கிக்கொண்டே வந்து, 130 சென்டிமீட்டர் அகலமாக இருந்த திட்டு 40 சென்டிமீட்டர் ஆகியிருந்தது. இது என் யோசனை என்று நான் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. ஆனால் இந்த நிகழ்வில் எனக்கு மிகப் பயன்பட்ட பாடம் இதில்தான் இருக்கிறது: மறுவருகை என்பது ஒரே பொருளை இருவேறு நாள்களில் பார்க்கும் வாய்ப்பு, அந்த இடைவெளியில் எது மாறியது, எது மாறவில்லை என்பதைத்தான் வருபவர்கள் ஒப்பிடுகிறார்கள்.

இரண்டாவது குடும்பம்: முதல் வருகையும் குறிப்பேடும்

ஏழாவது வார இறுதியில், இரண்டு பிள்ளைகளோடு ஒரு தம்பதியர் நண்பகலில் வந்தார்கள். திறந்து கிடந்த சுவரைப் பற்றி அவர்கள் கேட்பதற்கு முன்பே அம்மையார் நடந்ததைச் சொன்னார். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், மறுகேள்வி எதுவும் கேட்கவில்லை. அந்த மௌனத்தைத் திருப்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்குப் பட்டது.

அவர்கள் கிளம்பிய ஒரு மணி நேரத்துக்குள் நானும் அம்மையாரும் உட்கார்ந்து, யார் எதைக் கேட்டார்கள், எங்கே நெடுநேரம் நின்றார்கள், எந்த அறைக்குள் போகவே இல்லை என்று எழுதினோம். ஒன்பது குறிப்புகள் தேறின. மாடிக் குழாயில் நீர் மெதுவாக வருவதை அந்தப் பெண் கவனித்திருந்தார். கணவர் மின்பெட்டியைத் திறந்து பார்த்து ஏதும் சொல்லாமல் மூடினார். சமையலறையின் பின்கதவருகே இருவரும் இரண்டு முறை நின்றார்கள். வண்டி நிறுத்தும் இடத்தை எட்டு வைத்து அளந்தார்கள். பத்து நாள் கழித்து மறுவருகைக்கான அழைப்பு வந்தது; இரண்டு நாளுக்குப் பின், மாலை ஆறரை மணிக்கு வரலாமா என்று கேட்டார்கள். அந்தக் குறிப்பேட்டை வைத்தே தயாரிப்புகளைத் தொடங்கினோம்.

மறுவருகைக்கான தயாரிப்பு

மாடிக் குழாயில் பத்து லிட்டர் வாளி நிறைய ஒரு நிமிடம் நாற்பது விநாடி ஆயிற்று; அதாவது நிமிடத்துக்கு ஆறு லிட்டர். குழாய் வாயில் இருந்த சல்லடையைக் கழற்றிச் சுண்ணாம்புப் படிவை நீக்கிய பிறகு ஒரு நிமிடம் பத்து விநாடியில் வாளி நிறைந்தது. இரண்டு அளவுகளையும் தாளில் எழுதிக் கோப்பில் வைத்தோம்.

மின்பெட்டியில் இருந்த மின்கசிவுத் தடுப்புச் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மின்பணியாளர் அழுத்தியபோது அது விழவே இல்லை. ஆளைத் தாக்கும் மின்கசிவிலிருந்து காப்பதற்கான இவ்வகைச் சுவிட்சு பொதுவாக 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் கட்டாயம் விழ வேண்டும். அதை மாற்றினோம். விற்பனை ஒருபுறம் இருக்கட்டும், அந்தத் தம்பதியர் எத்தனை காலம் பாதுகாப்பில்லாமல் அங்கே வாழ்ந்தார்களோ என்று எனக்கு அன்று தோன்றியது.

மாலையில் வருவதால் படிக்கட்டில் எரியாமல் கிடந்த இரண்டு விளக்குகளை மாற்றினோம். சன்னல்களை மூடி வைத்துத் தெருச் சத்தத்தைக் குறைக்கலாம் என்ற எண்ணத்தைக் கைவிட்டோம்; அவர்கள் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததே சத்தத்தைக் கேட்கத்தான் என்பது என் ஊகம். வாசனைத் தெளிப்பான் கூடாது, அறைகலன்கள் நண்பகலில் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், சுவர் அலமாரிகளைத் திறந்து பார்ப்பார்கள் என்பதால் மருந்து, நகை, கடிதங்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்துப் பூட்டி வைக்க வேண்டும் என்றெல்லாம் பேசி முடிவு செய்தோம்.

கோப்பில் உரிமைப் பத்திரத்தின் நகல், கட்டட வரைபடம், வரி ரசீதுகள், பன்னிரண்டு மாத மின்கட்டண, நீர்க்கட்டணச் சீட்டுகள், பழுதுபார்ப்பு ரசீதுகள், படங்கள் ஆகியவற்றோடு, எவையெல்லாம் வீட்டோடு விடப்படும், எவை எடுத்துச் செல்லப்படும் என்ற ஒரு பக்கப் பட்டியலும் இருந்தது. முந்தைய தம்பதியருக்குப் பதில் கிடைக்காமல் போன அலமாரிக் கேள்வியின் நினைவாகத்தான் இந்தப் பட்டியல்.

யார் பேசுவது என்பதையும் தீர்மானித்தோம். வீட்டுக்காரர் கேள்வி முடிவதற்குள் பதில் சொல்பவர். அதோடு, இரண்டு மாதத்துக்குள் போயாக வேண்டும் என்பதை யார் கேட்டாலும் சொல்லிவிடுவார். விற்பதற்கான காரணத்தை "மகளுக்குப் பக்கத்தில் இருக்கப் போகிறோம்" என்ற அளவில் உண்மையாகவும் சுருக்கமாகவும் சொல்வது, விலைப்பேச்சை என்னிடம் விட்டுவிடுவது, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது, வீட்டை ஒரு சுற்றுக் காட்டியபின் இருவரும் வெளியே போய் உட்கார்ந்துகொள்வது என்று பேசிக்கொண்டோம். இதற்கு அவரை இசையவைக்க ஒரு முழு மாலை தேவைப்பட்டது.

இரண்டாவது மறுவருகை

தம்பதியரோடு மனைவியின் அக்காவும், அறிமுகமான மின்பணியாளர் ஒருவரும் வந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தார்கள். மாடியில் ஒருவர் குளியல் குழாயைத் திறந்து வைக்க, இன்னொருவர் கழிவறையில் நீர் இறக்கிப் பார்த்தார். மின்பணியாளர் நேராகப் போய்ச் சோதனைப் பொத்தானை அழுத்தினார்; சுவிட்சு விழுந்தது.

பின்பக்க அறையில் எல்லாரும் கூடினார்கள். அன்று காலை அம்மையார் வரைந்த கடைசிக் கோடு இரண்டு உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கியிருந்தது. "போன தடவை நாங்கள் பார்த்தது இந்தக் கோடுதானே அம்மா?" என்று அந்தப் பெண் ஒரு தேதியைத் தொட்டுக் காட்டிக் கேட்டார். அம்மையார் ஆமாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அவர்கள் அந்த அறையில் தனியாகப் பத்து நிமிடமாவது பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்.

நாங்கள் தயாராகாத கேள்வி அக்காவிடமிருந்து வந்தது. சமையலறையின் பின்னால் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய சிறு கூரைத் தாழ்வாரம் கோப்பிலிருந்த வரைபடத்தில் இல்லையே, அதற்கு அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டார். அவர்கள் முதல் வருகையில் பின்கதவருகே இரண்டு முறை நின்றதை நாங்கள் எழுதி வைத்திருந்தும், ஏன் நின்றார்கள் என்று யோசிக்கவில்லை. வீட்டுக்காரர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, "வாங்கியதாக நினைவில்லை. விசாரித்துச் சொல்கிறேன்" என்றார். இதற்கு முந்தைய மறுவருகையாக இருந்திருந்தால் அவர் வாயில் என்ன வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பின்விளைவு

நான்காம் நாள் விலை சொன்னார்கள். கேட்ட விலைக்கு ஏறத்தாழ மூன்று விழுக்காடு குறைத்து முடிந்தது. அதில் ஒரு பகுதி, சுவரைப் பூசும் செலவைத் தாங்களே ஏற்பதற்கானது. உள்ளாட்சி அலுவலகத்தில் தாழ்வாரத்தைப் பதிவில் சேர்க்க மூன்று வாரம் பிடித்தது. அதுவரை முன்பணம் கொடுக்க மாட்டோம் என்று வாங்குபவர்கள் சொன்னதில் எந்தத் தவறும் இல்லை. சாவி கைமாறும்வரை சாக்பீஸ் கோடுகளை அழிக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் அந்தத் திட்டு முழுதும் உலர்ந்து, செங்கல் ஒரே நிறத்துக்கு வந்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவரும் முன்பே ஓதத்தின் காரணத்தைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். நீர்மானிச் சோதனைக்கு ஓர் இரவு, நீர் தேக்கும் சோதனைக்கு ஒரு நாள், அவ்வளவுதான் தேவைப்பட்டது. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால் தாழ்வாரம் அன்றே கண்ணில் பட்டு, மூன்று வாரத் தாமதமும் தவிர்ந்திருக்கும். வரவேற்பறையில் தொங்கிய, மகள் தந்த விளக்கை எடுத்துப் போகப் போவதாகப் பட்டியலில் எழுதியிருந்தோம்; ஆனால் முதல் வருகையில் அதை ரசித்துப் பார்த்த பிள்ளைகளுக்கு அது ஏமாற்றமாயிற்று. எடுத்துப் போவதென்றால், யாரும் பார்க்க வருவதற்கு முன்பே கழற்றியிருக்க வேண்டும்.

விலகிப்போன இளம் தம்பதியரைப் பற்றியும் ஒன்று எழுத வேண்டும். காரணம் தெரிந்த அன்றே அவர்களை அழைத்து, மறைத்தது தவறு, கசிவு இன்ன இடத்தில், இப்படிச் சரிசெய்கிறோம் என்று நான் சொல்லியிருக்கலாம். பழுது முழுதும் முடியட்டும் என்று காத்திருந்தேன். படங்களை அனுப்பியபோது அவர்கள் வேறொரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவர்களுடைய தந்தை மட்டும் பதில் எழுதினார். மூலையில் பூச்சு எத்தனை முறை இட்டார்கள் என்று கேட்டிருந்தார்.